‘எத்தனை பிள்ளைங்க?’ என்று ஒரே கேள்வியில் முடித்துவிட்டு வராதீர்கள்

2005 தை மாதம். சுனாமி வந்து போய் ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. கடலூர் முதுநகரை ஒட்டிய ஒரு குப்பத்தில் வீடு வீடாகப் போய்க் கணக்கெடுக்கும் வேலை எனக்கு. வீடு என்ன வீடு, வரிசையாகத் தற்காலிகக் கொட்டகைகள். கையிலிருந்த படிவத்தில் ‘குழந்தைகள்’ என்று ஒரு கட்டம். வாசலில் உட்கார்ந்திருந்த அக்காவிடம், “எத்தனை பிள்ளைங்கக்கா?” என்று கேட்டேன். “ஒண்ணு” என்றார். 1 என்று எழுதிவிட்டு அடுத்த கொட்டகைக்குப் போனேன்.

மறுநாள் அதே வரிசையில் இருந்த ஓர் ஆயா சொல்லித்தான் தெரிந்தது, அந்த அக்கா பெற்றது மூன்று என்று. இரண்டைக் கடல் கொண்டுபோய்விட்டது. மூன்றாவது பிரசவத்தோடு குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷனும் செய்திருந்தார்கள். அவரைப் போல நிறையப் பேர் இருந்ததால், கருக்குழாயை மறுபடி சேர்த்துவைக்கும் அறுவை சிகிச்சைக்கு அரசாங்கமே அப்போது உதவி அறிவித்தது. இதெல்லாம் எழுத என் படிவத்தில் இடம் கிடையாது. ஆனால் நான் கேட்கத் தெரிந்து கேட்டிருந்தால் ஓரத்திலாவது எழுதியிருப்பேன்.

அன்றிலிருந்து இருபது வருடமாகக் கடலூர், பண்ருட்டி, பாகூர்ப் பக்கங்களில் பெண்களிடம் கல்யாணம், பிரசவம், குடும்பம் பற்றிக் கேட்டு எழுதுகிறேன். வருடா வருடம் சமூகப்பணி, சமூகவியல் படிக்கிற பிள்ளைகள் என்னோடு களத்துக்கு வருகிறார்கள். பஸ்ஸில் போகும்போது அவர்களுக்குச் சொல்வதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் எண்களைப் படியுங்கள்

கேள்வித்தாள் எழுதுவதற்கு முன்னால் தேசியக் குடும்ப நல ஆய்வை ஒரு முறை முழுக்கப் படித்துவிடுங்கள். 1992-93இல் தொடங்கியது, ஐந்தாவது சுற்று 2019-21இல் நடந்தது. 15 முதல் 49 வயது வரை உள்ள பெண்களிடம் கேட்கிறார்கள். ஒரு பெண் சராசரியாகப் பெறும் பிள்ளைகள் தமிழ்நாட்டில் 1.8, புதுச்சேரியில் 1.5 என்று அந்தச் சுற்று சொல்கிறது. பெரும்பாலான வீடுகளில் இரண்டோடு நிறுத்திக்கொள்கிறார்கள் என்பது அதில் தெரிந்துவிடுகிறது. யார் நிறுத்தச் சொன்னது, வலி எடுத்துப் படுத்திருந்தபோது கையெழுத்து வாங்கினார்களா, மாமியார் என்ன சொன்னார், இரண்டும் பெண்ணாக இருந்தால் என்ன பேச்சு நடந்தது என்பதைக் கேட்கத்தான் நாம் போகிறோம்.

பிள்ளைகளை எண்ணுவது எப்படி

நம் பக்கத்தில் ‘புள்ள’ என்றால் பல வீடுகளில் ஆண்பிள்ளை. “ஒரு புள்ள, ரெண்டு பொண்ணு” என்பார்கள். பொதுவாக “எத்தனை புள்ளைங்க?” என்று கேட்டால், சில பெண்கள் பையன்களை மட்டும் சொல்வார்கள். சிலர் உயிரோடு இருப்பவர்களை மட்டும். சிலர் கட்டிக்கொடுத்த பெண்ணை விட்டுவிட்டு, வீட்டில் இருப்பவர்களை மட்டும்.

அதனால் பெரிய ஆய்வுகளில் இதைத் துண்டு துண்டாகக் கேட்கிறார்கள். நீங்களும் அப்படியே கேளுங்கள். உங்களோடு இருக்கிற பையன்கள் எத்தனை பேர், பெண்கள் எத்தனை பேர்? வெளியூரில், விடுதியில், புகுந்த வீட்டில் இருக்கிற பையன்கள், பெண்கள்? பிறகு சற்று நிறுத்தி, “பிறந்து, ஒரு அழுகை அழுதுட்டு, ஒரு நாளோ ரெண்டு நாளோ இருந்துட்டுத் தவறிப்போன குழந்தை ஏதாவது உண்டாக்கா?” கடைசியில் கூட்டிச் சொல்லுங்கள்: “அப்படின்னா மொத்தம் நாலு பேரைப் பெத்திருக்கீங்க, சரிதானே?” இந்தக் கடைசிக் கேள்வியில்தான் பலர் நம் முகத்தைப் பார்ப்பார்கள். “இல்ல, அஞ்சு” என்பார்கள். அந்த ஐந்தாவதைப் பற்றி அவர்களாகப் பேசட்டும். உங்கள் பேனா கீழே இருக்கட்டும்.

அதன்பின் தலைச்சனிலிருந்து ஒவ்வொருவராக வாருங்கள். இரண்டு பிறப்புகளுக்கு நடுவில் இடைவெளி பெரிதாக இருந்தால், “இதுக்கு நடுவுல நாள் தள்ளிப்போனது உண்டா?” என்று கேளுங்கள்.

இங்கே நம் மொழியே கையில் ஒரு விளக்கைக் கொடுக்கிறது. ‘கலைஞ்சிடுச்சு’ என்றால் தானாகப் போனது. ‘கலைச்சுட்டோம்’ என்றால் செய்தது. ‘தங்கல’ என்றால் பெரும்பாலும் தொடக்கத்திலேயே போனது. அபார்ஷன் என்ற சொல்லை இரண்டுக்கும் பொதுவாகச் சொல்வார்கள், அதை மட்டும் எழுதிக்கொண்டு வந்தால் வீட்டில் வந்து திணறுவீர்கள். ‘கலைச்சுட்டோம்’ என்பதில் அந்த ‘ஓம்’ யார் யார் என்றும் பாருங்கள். அவரும் கணவருமா, மாமியாரும் நாத்தனாரும் சேர்ந்தா? 1971ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு உட்பட்டுச் செய்துகொள்ளக்கூடியதுதான் கருக்கலைப்பு. ஆனாலும் குற்றம் செய்தவரைப் போலத் தலையைக் குனிந்துகொண்டுதான் சொல்வார்கள். முதல் வார்த்தையிலேயே உங்கள் முகம் மாறினால் அடுத்த வார்த்தை வராது.

‘ஆபரேஷன்’ என்ற சொல்லில் இன்னும் பெரிய பள்ளம் இருக்கிறது. “ரெண்டாவதுக்கு ஆபரேஷன்” என்றால் சிசேரியனா, குடும்பக் கட்டுப்பாடா, இரண்டும் ஒரே நேரத்திலா? என்னோடு வந்த ஒரு மாணவி முப்பது பேட்டிகள் எடுத்துவிட்டு, அதில் பதினொன்றில் எது எந்த ஆபரேஷன் என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தாள். இரண்டு நாள் மறுபடி அலைந்தோம். அங்கேயே, அப்போதே கேட்டுவிடுங்கள்: “குழந்தையை எடுக்கிற ஆபரேஷனாக்கா, இனிமே வேணாம்னு பண்ற ஆபரேஷனா?”

வருடம் ஞாபகம் இல்லையென்றால்

“எந்த வருஷம்?” என்று கேட்டு, பதில் சொல்பவரைத் திணறவைக்க வேண்டாம். நம் மாவட்டத்துக்குக் காலக்கணக்கு இயற்கையே எழுதிவைத்திருக்கிறது. சுனாமி 2004 டிசம்பர் 26. தானே புயல் 2011 டிசம்பர் 30, பண்ருட்டிப் பக்கம் முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்த நாள். பெருவெள்ளம் 2015 கடைசியில். “தானே அடிச்சப்ப இவன் நடந்தானா, இடுப்புல இருந்தானா?” என்றால் பதில் சட்டென்று வரும். மாதத்துக்கு ஆடியை வைத்துக்கொள்ளுங்கள். முதல் ஆடிக்கு அம்மா வீட்டுக்கு அழைத்துப்போனது எந்தப் பெண்ணுக்கும் மறக்காது. தேவனாம்பட்டினத்து மாசிமகம், வீராம்பட்டினத்துத் தேர், இவையும் உதவும்.

கல்யாணத்தைப் பற்றிக் கேட்பது

கல்யாண வயதைக் கேட்டுத் தொடங்கினால் பலர் பதினெட்டு, பத்தொன்பது என்பார்கள். பதினெட்டு என்பது சட்டம் என்று எல்லோருக்கும் தெரியும். அதனால் பெண் பார்க்க வந்த அன்றைக்கு நடந்ததில் தொடங்குங்கள். என்ன புடவை, யார் காபி கொடுக்கச் சொன்னது, அப்போது படித்துக்கொண்டிருந்தாரா, பரீட்சை எழுதினாரா? வயது தானாக வெளியே வரும். “வயசுக்கு வந்து எத்தனை வருஷம் கழிச்சுக் கல்யாணம்?” என்பதும் சரிபார்க்க நல்ல கேள்வி.

“சொந்தத்துலதான்” என்றால் அதோடு விடக்கூடாது. தமிழ்நாட்டில் நூற்றுக்கு சுமார் 28 பெண்கள் சொந்தத்தில் கட்டிக்கொண்டவர்கள் என்று அதே குடும்ப நல ஆய்வு சொல்கிறது. தாய்மாமனைக் கட்டினாரா, அத்தை மகனையா, மாமன் மகனையா என்பதைப் பொறுத்து மாமியார் யார் என்பது மாறுகிறது. தாய்மாமனைக் கட்டினால் மாமியார் அவருடைய சொந்தப் பாட்டி. அந்த வீட்டுக் கதையே வேறு.

வரதட்சணை என்ற சொல்லை எடுத்தால் “எங்க வீட்டுல அதெல்லாம் கேக்கலம்மா” என்பதோடு முடிந்துவிடும். “என்ன போட்டாங்க?” என்று கேளுங்கள். எத்தனை சவரன், என்ன சீர், வண்டி உண்டா என்று விரலை மடக்கிச் சொல்வார்கள். அதற்கு அடுத்து நான் கேட்கிற ஒரு கேள்வியை இருபது வருடத்தில் ஒரு பேட்டியிலும் விட்டதில்லை: “அந்த நகையெல்லாம் இப்ப எங்கக்கா இருக்கு?”

அந்த ஒரு கேள்விக்கு ஒரு மணி நேரம் பதில் வரும். ஆரம் போட் இன்ஜினுக்குப் போனது. வளையல் கணவர் சிங்கப்பூர் போக ஏஜென்டுக்குப் போனது. தோடு இரண்டாவது பிரசவத்துக்கு அடகு வைத்து, வட்டி கட்டமுடியாமல் ஏலத்தில் போனது. நாத்தனார் கல்யாணத்துக்குக் கழற்றிக் கொடுத்த சங்கிலி திரும்ப வரவில்லை. குடும்பத்தில் யார் முடிவெடுக்கிறார்கள், அவரைக் கேட்டார்களா, கேட்காமலே பீரோவைத் திறந்தார்களா, எல்லாம் அந்த நகைகளின் வழியில் தெரிந்துவிடும். ‘வீட்டில் முடிவெடுப்பவர் யார்?’ என்று நேராகக் கேட்டால் கிடைப்பது “அவருதான்” என்ற ஒரு சொல்.

வேலையைப் பற்றியும் இதே கதைதான். பண்ருட்டிப் பக்கம் ஓர் அக்கா வேலைக்குப் போகவில்லை, “வீட்டுல சும்மாதான் இருக்கேன்” என்றார். மடியில் முந்திரிக்கொட்டை, விரலெல்லாம் கொட்டை எண்ணெய் பட்டுக் கறுத்திருந்தது. “காலையில எந்திரிச்சதுல இருந்து என்னென்ன செஞ்சீங்க?” என்று கேட்டுப் பொழுதைக் கணக்கிடுங்கள்.

முள்ளோடை தாண்டிப் புதுச்சேரிக்குள் போனால் இரண்டு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். ஒன்று, கடலூர்ப் பெண்கள் பலர் பிரசவத்துக்குப் புதுச்சேரிப் பெரிய ஆஸ்பத்திரிகளுக்குப் போகிறார்கள். குழந்தை பிறந்த இடம் புதுச்சேரியாகவும், வீடு தமிழ்நாடாகவும் இருக்கும், அதனால் இரண்டையும் தனித்தனியாக எழுதுங்கள். இன்னொன்று, பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள குடும்பங்கள். சொல்தா (பிரெஞ்சுப் படையில் இருந்தவர்) வீட்டுப் பெண், பிரான்ஸ் மாப்பிள்ளை என்று வந்தால் தாலி கட்டிய நாள் ஒன்று, பதிவு செய்த நாள் ஒன்று, பிரெஞ்சுத் துணைத் தூதரகத்தில் ஏற்றிய நாள் ஒன்று என்று இருக்கக்கூடும். அந்த நாட்களுக்கு நடுவில் அந்தப் பெண் எந்த வீட்டில், யார் செலவில் இருந்தார் என்று கேளுங்கள்.

எப்போது போவது, யார் பக்கத்தில் இருப்பது

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள், மீன்பிடித் தடைக்காலம். அப்போது குப்பத்துக்குப் போகாதீர்கள். ஆண்கள் வீட்டில் இருப்பார்கள், கையில் காசும் இருக்காது. மற்ற மாதங்களில் மீன் விற்கும் பெண்கள் விடியுமுன் துறைமுகத்துக்குப் போய்விடுவார்கள். மதியம் கூடை கவிழ்ந்து, குளித்துச் சாப்பிட்டு உட்காரும் நேரம்தான் அவர்களுடைய நேரம். கிராமங்களில் நூறு நாள் வேலையில் இளைப்பாறும் மரத்தடி பொதுப் பேச்சுக்கு நல்ல இடம், தனிப் பேச்சுக்கு ஆகாது.

நோட்டும் பையுமாக ஒரு பெண் வந்தால், குழுக்கடன் வசூலுக்கு வந்தவர் என்று கதவைச் சாத்துவார்கள், இல்லையென்றால் மகளிர் உரிமைத்தொகைக்குப் பெயர் எழுத வந்தவர் என்று கூடிவிடுவார்கள். இரண்டையும் முதல் நிமிடத்திலேயே தெளிவாக மறுத்துவிடுங்கள். கிராமச் செவிலியரோ அங்கன்வாடி டீச்சரோ முதல் நாள் அறிமுகம் செய்துவைக்கலாம். பேட்டி நேரத்தில் அவர்கள் கூட இருக்கக்கூடாது. ஆபரேஷனுக்கு அழைத்துப்போனவர் முன்னால் அந்த ஆபரேஷனைப் பற்றி யார் குறை சொல்வார்கள்?

ஊரில் மட்டும் உட்கார்ந்து எழுதிவிட்டுத் திரும்பாதீர்கள். காலனி என்று சொல்கிற தலித் குடியிருப்புக்கும் போங்கள். கொடுக்கிற தண்ணீரைக் குடியுங்கள். நீங்கள் குடிக்கிறீர்களா என்று பார்த்துக்கொண்டுதான் இருப்பார்கள்.

மாமியார் பக்கத்தில் வந்து உட்காருவார். விரட்டக்கூடாது, விரட்டவும் முடியாது. இரண்டு பேராகப் போங்கள். ஒருவர் மாமியாரைத் திண்ணைக்கு அழைத்துப்போய் அவருடைய கல்யாணத்தைப் பற்றிக் கேட்கட்டும். ஒப்புக்குக் கேட்கக்கூடாது, முழுப் பேட்டியாகவே எடுங்கள். அவரும் ஒரு காலத்தில் அந்த வீட்டுக்கு வாழ வந்த பெண்தானே. “என்னைய யாரும் இதெல்லாம் கேட்டதில்ல” என்று எழுபது வயது ஆயா ஒருவர் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னது எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.

அடி, உதை, பயம்

இந்தப் பகுதிக்கு விதி கறாரானது. ஒரு வீட்டில் ஒரு பெண்ணிடம் மட்டும் கேளுங்கள். முழுத் தனிமை இருந்தால் மட்டும் கேளுங்கள். நடுவில் யாராவது வந்தால் பேச்சை உடனே தடுப்பூசிக்கோ சமையலுக்கோ மாற்றுங்கள், இன்ன வார்த்தை சொன்னால் மாற்றுவோம் என்று அந்தப் பெண்ணிடம் முன்பே பேசிவைத்துக்கொள்ளுங்கள். தனிமை கிடைக்கவில்லையா, பகுதியையே விட்டுவிடுங்கள். தேசிய ஆய்விலும் அப்படித்தான் விடுகிறார்கள். கேட்டுத் தீரவேண்டிய கேள்வி என்று ஒன்று கிடையாது.

வன்முறை பற்றிய துண்டறிக்கை எதையும் வீட்டில் வைத்துவிட்டு வராதீர்கள். நான் ஒரு சின்ன அட்டை வைத்திருக்கிறேன், தடுப்பூசி அட்டவணையும் அவசர எண்களும் அச்சடித்தது. 108, 104, அவற்றின் நடுவில் 181. 181 பெண்களுக்கானது என்று வாயால் சொல்லிவிட்டு வருவேன்.

இன்னொன்று. 18 வயது நிரம்பாத பெண்ணுக்குப் பாலியல் கொடுமை நடப்பது தெரிந்தால், அதைத் தெரிவிக்க வேண்டும் என்று 2012ஆம் ஆண்டுப் போக்சோ சட்டம் சொல்கிறது. சின்ன வயதுக் கல்யாணமும் கர்ப்பமும் அதற்குள் வந்துவிடும். எல்லாவற்றையும் ரகசியமாக வைப்பேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டுப் பிறகு மாட்டிக்கொள்ளாதீர்கள். “இந்த ஒரு விஷயத்தை மட்டும் என்னால மறைக்க முடியாதுக்கா” என்று தொடக்கத்திலேயே சொல்லிவிடுங்கள். கேட்டபின் என்ன சொல்வது, எதைச் சொல்லாமல் விடுவது என்று அவர் தீர்மானிக்கட்டும்.

பெயரை மாற்றினால் போதாது

சம்மதப் படிவத்தில் கைநாட்டு வாங்குவதைப் பற்றி உங்கள் கல்லூரி என்ன சொல்கிறதோ அதைச் செய்யுங்கள். ஆனால் கடன் பத்திரத்தில் கைநாட்டு வைத்து அவதிப்பட்டவர்களுக்கு அந்தத் தாள் பயத்தைத் தரும். வாய்ச் சம்மதத்தைப் பதிவு செய்துகொள்ள அனுமதி இருந்தால் அதுவே நல்லது. அந்தப் பதிவை உங்கள் செல்போனிலேயே விட்டுவைக்காதீர்கள்.

இதில் நான் செய்த ஒரு தவறைச் சொல்ல வேண்டும். முன்பு ஓர் அறிக்கையில் ஒரு பெண்ணின் பெயரை மாற்றி, ஊர்ப் பெயரை எடுத்துவிட்டு, ‘இரட்டைக் குழந்தைகளின் தாய், இரண்டாவது திருமணம், ஐஸ் கம்பெனியில் வேலை’ என்று எழுதினேன். முந்நூறு வீடுள்ள குப்பத்தில் அப்படி ஒருவர்தான் இருந்தார். அறிக்கை சுற்றிச் சுற்றி அந்த ஊர் ஆள் ஒருவர் கைக்குப் போனது. கணவரைப் பற்றி அந்தப் பெண் என்னிடம் சொன்னதை ஊரே படித்தது. நான் போய் நின்றபோது அவர் சண்டை போடவில்லை. “உன்ன நம்பித்தானே சொன்னேன்” என்றார். அவ்வளவுதான். அதன்பின் அவர் வீட்டு வாசலை நான் மிதிக்கவில்லை.

அன்றிலிருந்து தொழிலை மாற்றுவேன், பிள்ளைகளின் எண்ணிக்கையைக்கூடச் சில சமயம் விட்டுவிடுவேன், இரண்டு பெண்களின் கதையை இரண்டு ஊருக்குப் பிரித்து வைப்பேன். எழுதி முடித்ததும், இந்தத் தெருக்காரி ஒருத்தி இதைப் படித்தால் யாரென்று சொல்லிவிடுவாளா என்று யோசிப்பேன். காதல் கல்யாணமும் சாதி மாறிய கல்யாணமும் வந்தால் இரட்டைக் கவனம் வேண்டும். கண்ணகியும் முருகேசனும் பதிவுத் திருமணம் செய்துகொண்டதற்காக விஷம் கொடுத்துக் கொல்லப்பட்டது 2003இல், இந்தக் கடலூர் மாவட்டத்தில்தான். தீர்ப்பு வர 2021 ஆனது. உங்கள் நோட்டில் இருக்கும் ஒரு தெருப் பெயர் யாருக்கு என்ன செய்யும் என்று இங்கே விளையாட்டாக எடுத்துக்கொள்ள முடியாது.

மறுபடி போங்கள்

ஒரு முறை போய்க் கேட்டுவிட்டு வருவதை நான் பேட்டி என்று எண்ணுவதில்லை. எழுதியதை எடுத்துக்கொண்டு மறுபடி போய், சத்தமாகப் படித்துக்காட்டுங்கள். கல்லூரியில் கூடுதல் நாள் கேட்டாவது போங்கள். வயது திருத்துவார்கள், விட்டுப்போன கருவைச் சொல்வார்கள், சிலர் சொன்னதைத் திரும்ப எடுத்துக்கொள்வார்கள். எடுக்கச் சொன்னால் எடுத்துவிடுங்கள், எவ்வளவு நல்ல பகுதியாக இருந்தாலும்.

போன வருடம் தாழங்குடாப் பக்கம் மீன் விற்கும் ஓர் அக்காவிடம் அப்படிப் படித்துக்காட்டினேன். தலைப்பிரசவத்தில் தவறிய குழந்தையைப் பற்றி அவர் பேசிய இடத்தில், ‘சொல்லும்போது அழுதார்’ என்று எழுதியிருந்தேன். கையைக் காட்டி நிறுத்தினார். “அழுதேன்னு இருக்கே, அத எடுத்துடும்மா. அந்த ஆஸ்பத்திரிக் கடனை நாலு வருஷம் கூடை தூக்கி நான் ஒருத்தியே அடைச்சேன், அத எழுது.” பேனாவை எடுத்து, வட்டியோடு சேர்த்து எவ்வளவு ஆயிற்று என்று கேட்டேன். வாசல் மணலில் விரலால் கோடு போட்டுக் கூட்டத் தொடங்கினார்.